ஒரு மூடித் தேத்தண்ணி

1

போன வியாழக்கிழமை என் மகன் அகரனுக்கு டொன்சில் எடுத்தார்கள். வயது ஆறு. நன்றாக இருக்கிறான். இதை எழுதும்போது எனக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, தொண்டை வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லியே டோஸ்ட் தின்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று யாரும் கடைசிவரை பதறிக்கொண்டு படிக்க வேண்டாம்.

இந்தக் குறிப்பில் பாதிதான் அவனைப் பற்றியது. மீதி என் அக்காவைப் பற்றியது.

அக்கா இலங்கையில், கண்டிக்கு அருகே பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள், என்னை நிறுத்தவில்லை. நான் பேராதனைக்குப் போய்ப் பட்டம் எடுத்தேன். இப்போது நியூசிலாந்தில், ஹமில்டன் என்ற ஊரில், ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான் என்பதால் வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் என் கைக்கு வரும். பிறப்புச் சாட்சிப் பத்திரம், கிராம சேவகர் கடிதம், கிளினிக் துண்டு, எதுவானாலும் "தம்பி வரட்டும்" என்பாள் அக்கா. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது தொடங்கிய பழக்கம் அது. அக்கம்பக்கத்து வீட்டுக் காகிதங்களும் அப்படித்தான் வந்தன.

ஒன்பது வருடமாக அக்கா எனக்கு ஒரு காகிதமும் காட்டவில்லை. பேசுவாள். தீபாவளிக்கு வீடியோவில் வருவாள். அகரனைப் பார்த்து, "இந்தா, வெள்ளக்காரத் தொர" என்று கேலி செய்வாள். அவனும் "போன் அத்தை" என்று அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான். காகிதம் மட்டும் வராது. அது ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியது கிடையாது.

2

அகரனின் குறட்டையை முதலில் கவனித்தது என் மனைவி சுகந்தி. காரில் போகும்போது பின்னாலிருந்து சத்தம் வரும். வரும், வரும், திடீரென்று நிற்கும். பிறகு மூச்சுத் திணறினாற்போல் ஒரு இழுவை, மறுபடியும் சத்தம்.

"ஏனப்பா, இவன் இடைக்கிடை மூச்செடுக்கிறானில்லையோ?" என்றாள். சுகந்தி யாழ்ப்பாணம். பேராதனையில் என் வகுப்பு.

நான் காரை ஓரத்தில் நிறுத்தினேன். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அக்காவின் மகள் தர்ஷி தூங்கும்போது கேட்டிருக்கிறேன். அப்போது அவளுக்கும் ஆறு வயதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயில் கிடந்து தூங்குவாள். அக்காவின் கணவர், என் மச்சான், அவளை "குட்டி லொறி" என்பார். அவர் கண்டியில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிற நாட்டாமை. லொறிச் சத்தம் அவருக்கு அத்துப்படி. "மேட்டுல ஏறுது பாருங்க. இப்ப கியர் மாத்தும்" என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். குறட்டை விடும் பிள்ளை நன்றாகத் தூங்கும் பிள்ளை என்பதுதான் எங்கள் வீட்டு நம்பிக்கை.

தர்ஷி வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். சோறு விழுங்க நேரமெடுத்தாள். வயதுக்கு வளரவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குக் குளிசை கொடுத்துக் கொடுத்து, கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார்கள். காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் டாக்டர் அவள் வாயைத் திறந்து டோர்ச் அடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பக்கமும் இரண்டு கொட்டைப் பாக்கு மாதிரி. நடுவில் ஒரு கீறல் இடைவெளி. அந்தக் கீறலால்தான் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இங்கே ஹமில்டனிலும் டாக்டர் சொன்னது ஏறக்குறைய அதேதான். தொண்டை நோகிற பிள்ளைக்கெல்லாம் டொன்சில் எடுப்பதில்லை. முன்பு எடுத்தார்கள், இப்போது பொறுத்துப் பார்க்கிறார்கள். வருடத்துக்கு இத்தனை தடவை காய்ச்சலோடு தொண்டை புண்ணாகிறது என்றால், அதுவும் வருடா வருடம் தொடர்ந்தால் யோசிப்பார்கள். பல பிள்ளைகளுக்கு வளர வளர அது தானாகவே குறையும். ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்றால் அது வேறு கதை. அதற்கு எடுக்கத்தான் வேண்டும்.

"எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டார்.

சொன்னேன். நாள், எத்தனை வினாடி, எந்தப் பக்கம் படுத்தால் அதிகம் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அவர் என் கொப்பியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இங்கே குறித்து வைக்கிறேன். பிறகு தேவைப்படும்.

3

தர்ஷிக்கு ஒப்பரேசனுக்கு டேட் கிடைக்க ஆறு மாதமானது. கிடைத்த முதல் டேட்டுக்கு அவளுக்குக் காய்ச்சல், திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது டேட்டுக்கு முதல்நாளே வார்டில் சேர்த்தோம். அக்கா கூட நின்றாள். நான் அப்போது படிப்பு முடிந்து பேராதனையிலேயே தற்காலிக உதவியாளனாக இருந்தேன். போகும்போது அக்காவிடம் சொன்னேன்:

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் குடுக்காத. குடிக்கவும் குடுக்காத."

"சரி சரி. எனக்குத் தெரியாதா."

ஏன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. காகிதம் வாசிப்பது நான், கேட்பது அவள் என்பதுதான் எங்கள் ஏற்பாடு.

காலையில் போனேன். தர்ஷி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சட்டை அவளுக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது. பக்கத்து அலுமாரித் தட்டில் அக்காவின் ஃபிளாஸ்க். அதன் மூடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் ஈர வளையம். தர்ஷியின் மேலுதட்டில் மெல்லிய பழுப்புக் கோடு.

"அக்கா, புள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தியா?"

"ஒரு மூடி. பால் போட்டுத்தான். எந்திரிச்சதும் அழுதா."

"ஒண்ணும் குடுக்க வேணாம்னு சொன்னேன்ல?"

"நான் எங்கடா குடுத்தேன்? பிஸ்கட் கூடக் குடுக்கல. பாரு, பைக்கட்டு அப்படியே கெடக்கு. தேத்தண்ணி தானே. மொகங் கழுவுறாப்புல அது."

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காலையில் தேத்தண்ணி குடித்ததை யாரும் குடித்தது என்று சொல்ல மாட்டார்கள். கண் விழித்தேன் என்றால் அதற்குள் தேத்தண்ணியும் அடங்கும். மலைக்கு ஏறுமுன் ஒரு கோப்பை உள்ளே போகாமல் ஒருவரும் வாசல் தாண்டியதில்லை. கைப்பிள்ளை கூட மூன்று மாதத்தில் விரல் நுனியில் அதைச் சப்பியிருக்கும். என்னிடமே அன்றைக்குக் காலையில் ஏதாவது குடித்தாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குள் தாதி கையில் அட்டையோடு கட்டில் கட்டிலாக வந்தாள். அக்காவுக்கு முன்னால் நின்று சிங்களத்தில் மெதுவாக, வாயில் கை வைத்துக் காட்டி, பிள்ளை ராத்திரிக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டதா, குடித்ததா என்று கேட்டாள். அக்காவுக்கு நன்றாகவே விளங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாதியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இல்லை.

தாதி அட்டையில் சரி போடப் பேனாவை வைத்தாள்.

"குடித்திருக்கிறாள், மிஸ்" என்றேன் நான், சிங்களத்தில். "பால் தேநீர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்."

டாக்டர் வந்தார். ஏசவில்லை. மயக்க மருந்து கொடுத்ததும் வயிற்றில் இருப்பது மேலே வரலாம், மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து, பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்குத்தான் என்றார். அன்றைய பட்டியல் நிரம்பியிருந்தது. பின்னுக்குத் தள்ள இடமில்லை. தர்ஷியின் இடத்துக்குக் கலகெதரயிலிருந்து வந்த ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு டேட் எழுதிக் கொடுத்தார்கள்.

4

கண்டி பஸ் நிலையத்தில் பன்வில பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தோம். தர்ஷி அக்காவின் மடியில் தூங்கிவிட்டாள். குட்டி லொறி மேடேறத் தொடங்கியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"சொல்லலைன்னா என்ன ஆயிருக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல, அக்கா."

"சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த மிஸ் ஒன்கிட்ட கேக்கல, தம்பி. என்கிட்டதான் கேட்டா."

நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இன்றும் இல்லை. அதனால் அந்த வார்த்தையைக் கோபத்தில் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்துத் தர்ஷிக்கு டொன்சில் எடுத்தார்கள். எனக்கு அது முடிந்து மூன்று நாளைக்குப் பிறகுதான் தெரியும். அக்காவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அக்காவே கையொப்பம் வைத்து, அக்காவே பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். மச்சான் கண்டியிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கிப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம். வீட்டுக்கு வந்தபோது அது பாலாகிவிட்டதாம். தர்ஷி அதை ஒரு கோப்பையில் ஊற்றிக் குடித்தாளாம். தர்ஷிதான் எனக்கு இதைச் சொன்னாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. வகுப்பில் தூங்குவதில்லை. மூன்று மொழியும் எழுதுவாள்.

அடுத்த வருடம் சுகந்தியும் நானும் கல்யாணம் செய்துகொண்டோம். அதற்கடுத்த வருடம் இங்கே வந்துவிட்டோம்.

5

அகரனின் சத்திரசிகிச்சைக்கு ஒரு கடித உறை வந்தது. உள்ளே நாள், நேரம், கார் எங்கே நிறுத்துவது, ஒரு வரைபடம், விருப்பமான பொம்மையைக் கொண்டுவரலாம் என்ற குறிப்பு. அதோடு இரண்டு பக்கமும் அச்சடித்த ஒரு தாள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில்: முதல்நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை, பால் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டுத் தாளை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினேன். பின்பக்கம் ஃபிரிட்ஜின் கதவைப் பார்த்தபடி இரண்டு வாரம் இருந்தது.

அதை நான் திருப்பிப் பார்க்கவில்லை. தேவையிருக்கவில்லை. இந்த விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவர் யார்?

புதன்கிழமை இரவு ஏழு மணிக்குச் சோறு கொடுத்தோம். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் அவனை விடவில்லை. காலையில் பல் விளக்கும்போது பக்கத்தில் நின்று, கொப்பளித்த தண்ணீரை முழுவதும் துப்புகிறானா என்று பார்த்தேன்.

"அப்பா, தாகமா இருக்கு" என்றான் ஆங்கிலத்தில்.

"இல்லை."

"ஏனப்பா, பச்சைத் தண்ணியாவது ஒரு வாய் குடுக்கலாம்தானே?" என்றாள் சுகந்தி.

"ஒண்ணும் வேணாம். எனக்குத் தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"தெரியும்."

சுகந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தர்ஷியின் கதை அவளுக்குத் தெரியும். அதனால்தான் அதற்கு மேல் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

6

இங்கே பிள்ளைகள் வார்டில் தாதி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்துதான் பேசுகிறாள். பெயர் கேட்டாள், கையில் பட்டி கட்டினாள், பொம்மைக்கும் ஒரு பட்டி கட்டினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"கடைசியாகச் சாப்பிட்டது?"

"நேற்று இரவு ஏழு மணி."

"நல்லது. காலையில் தண்ணீர் கொடுத்தீர்கள்தானே? தாளின் பின்பக்கம் போட்டிருந்தோமே. ஆறரை மணிவரை வெறும் தண்ணீர் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள் என்று."

என் வாயில் ஒரு சொல் வந்துவிட்டது: "கொஞ்சம்." கொஞ்சம் கொடுத்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பிள்ளைக்கு அதனால் என்ன வந்துவிடும்? தண்ணீர்தானே. வாயைத் திறந்தேன்.

"இல்லை" என்றான் அகரன். "அப்பா வேண்டாம் என்றார். பல் விளக்கிய தண்ணீரைக்கூடத் துப்பச் சொன்னார். பார்த்துக்கொண்டே நின்றார்."

தாதி என்னைப் பார்த்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட்டது என்னிடம். சொன்னது அவன்.

அவன் சொன்னது நல்லதற்குத்தான். பிள்ளை ஒரு இரவும் ஒரு காலையும் காய்ந்து கிடக்கிறது என்று தாதி மயக்க மருந்து டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அன்றைய பட்டியலில் அவன்தான் முதல் ஆள். நேரம் நெருங்கிவிட்டதால் இனிக் குடிக்கக் கொடுக்க முடியாது, நரம்பு வழியாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். ஆனால் அந்த நரம்பைப் பிடிப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் பிள்ளைகளின் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளுமாம். மரத்துப்போகும் களிம்பு பூசியிருந்தும் இடது கையில் ஒரு தடவை குத்தினார். கிடைக்கவில்லை. வலது கையில் ஒரு தடவை. மூன்றாவது தடவைதான் இரத்தம் வந்தது. நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்து அழுதான். அழும்போது மட்டும் அவனுக்குத் தமிழ் வருகிறது. "அப்பா, தண்ணி, தண்ணி" என்றான்.

மயங்கியதும் என்னை வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் சுகந்தி எழுந்து வந்து நின்றாள்.

"பின்பக்கம் வாசிக்கேல்லையோ?"

"இல்லை."

"நானும் வாசிக்கேல்லை. நீங்கள் வாசிப்பியள் எண்டு விட்டிட்டன்."

அங்கே போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்தபோதுதான், ஒன்பது வருடம் கழித்து, பஸ்ஸில் அக்கா சொன்னது கோபத்தில் சொன்னதல்ல என்று எனக்கு விளங்கியது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் இருந்தது. பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு, பிள்ளைக்கு ஆபத்து, நீயே சொல்லு அக்கா என்று காதில் சொல்லியிருந்தால் அவளே மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள். தன் பிள்ளையைக் காப்பாற்றியவள் அவளாக இருந்திருப்பாள். நான் அந்த நிமிடத்தை எடுத்துக்கொண்டேன்.

அகரனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்கு ஆறு வயது. எனக்கு அன்றைக்கு இருபத்து நாலு.

7

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கண் விழித்ததும் அவனுக்கு முதலில் கொடுத்தது தண்ணீர். பிறகு ஐஸ் குச்சி, பிறகு டோஸ்ட். கரகரப்பானதை மென்று விழுங்கச் சொல்கிறார்கள், தொண்டை இறுகாமல் இருக்குமாம். ஐஸ்கிரீம் என்று நம்பி வந்தவன் டோஸ்ட்டைப் பார்த்து ஏமாந்தான்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அக்காவுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை ஏழு. அவள் மலைக்குப் புறப்படுகிற நேரம். கையில் கோப்பையோடு வந்தாள்.

"என்னடா, முடிஞ்சுதா? எப்படி இருக்கான் தொர?"

"நல்லா இருக்கான். மூணு தடவை ஊசி குத்துனாங்க, அக்கா. என்னாலதான்."

சொன்னேன். தாள், ஃபிரிட்ஜ், பின்பக்கம், பல் விளக்கிய தண்ணீர், அகரன் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். "கொஞ்சம்" என்று பொய் சொல்ல வாயெடுத்ததையும் சொன்னேன். அக்கா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் குடிக்காமல் பிடித்திருந்தாள்.

"அன்னைக்கு மிஸ் ஒன்கிட்டதான் கேட்டாங்க, அக்கா" என்றேன். "நான் பேசியிருக்கக் கூடாது. ஒன்ன பேச விட்டிருக்கணும்."

அவள் பக்கத்தில் யாரோ கூடையை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"துப்புன தண்ணியக் கூடவாடா பாத்துக்கிட்டு நின்ன?"

"ம்."

"நானாவது தெரியாம ஒரு மூடி குடுத்தேன். நீ தெரிஞ்சவன்னு சொல்லி ஒரு சொட்டும் குடுக்கலியே. ஒன்னையெல்லாம் படிக்க வச்சது யாரு?"

"நீதான்."

"ஆமா, அது வேற." தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள். "நேரமாச்சு. கங்காணி கத்துவாரு. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

அகரனுக்கு இன்னொரு துண்டு டோஸ்ட் வாங்கப் போனபோது போன் அதிர்ந்தது. இரண்டு படங்கள். கண்டி ஆஸ்பத்திரித் தாள் ஒன்று. அக்காவுக்குப் பித்தப்பையில் கல்; அடுத்த மாதம் சத்திரசிகிச்சை; முதல்நாள் சேர வேண்டும். தாளில் இருந்த மடிப்பைப் பார்த்தால் அது அவள் கையில் பல நாள் இருந்திருக்கிறது. தர்ஷி அதை அவளுக்கு எப்போதோ வாசித்துக் காட்டியிருப்பாள். வாசித்துச் சொல்ல அவளுக்கு நான் தேவையில்லை.

படங்களுக்குக் கீழே அக்காவின் குரல் வந்தது. நடந்துகொண்டே பேசியிருக்கிறாள், மூச்சு வாங்குகிறது.

"தம்பி, ரெண்டு படம் அனுப்பியிருக்கேன். மொதப் பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. ரெண்டையும் வாசிச்சிட்டு ராத்திரிக்கு எடு. ஏன் எதுக்குன்னும் சேத்துச் சொல்லு."

டோஸ்ட் ஆறிக்கொண்டிருந்தது. நான் தாழ்வாரத்தில் நின்று முதலில் பின்பக்கத்தை வாசித்தேன்.